காதுகுத்துத் தாள்

சென்னியப்பன் கணக்குப்படி அவர் நாச்சிமுத்துவுக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாகச் சம்பள நாளானால் நாச்சிமுத்து ஒரு கேள்வி கேட்பார்.

"என்ன சென்னி, புள்ளைக்குக் காது ஆறிடுச்சா?"

பிள்ளைக்குக் காது குத்தி இருபது வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கு வீறிட்டு அழுத நிலவரசிக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். கேள்வி மட்டும் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கிறது என்று சென்னியப்பன் சொல்வார், கேண்டீனே சிரிக்கும், கடன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

இந்தச் சம்பள நாளில் நாச்சிமுத்து எதிரில் உட்கார்ந்து பருப்பு வடை தின்றார். டீ குடித்தார். மணல் விலை ஏறியதைப் பற்றிப் பேசினார். கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சென்னியப்பனுக்கு நிம்மதிதான். கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்கிற நேரத்தில் கடன் கொடுத்தவன் வாயை மூடிக்கொண்டால் யாருக்குக் கசக்கும்? ஆனாலும் பஸ்ஸில் போகும்போது ஒரு சின்ன உறுத்தல். கடைசியாக எப்போது கேட்டான் என்று யோசித்துப் பார்த்தார். போன மாதமாகத்தான் இருக்க வேண்டும். அந்த நாள் மட்டும் கண்ணுக்குள் வரவில்லை.

அது வெறும் கைமாற்று இல்லை. சென்னியப்பன் சம்சாரம் தெய்வாத்தாளுக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் கிடையாது. காது குத்த மாமன் மடி வேண்டும். ஒன்றாக வேலை பார்க்கிறவன் என்பதைத் தவிர எந்த உறவும் இல்லாத நாச்சிமுத்து, தானே முன்வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சீட்டு எடுத்த பணத்தைத் தோட்டுக்கும் விருந்துக்கும் கொடுத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து நிலவரசிக்கு அவர் மாமா. பத்தாவது பாஸானபோது சைக்கிள் வாங்கிக் கொடுத்ததும் அந்த மாமாதான்.

அவர்கள் வேலை பார்த்தது அரசூர்ப் பக்கம் பம்புகளுக்கு இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில். நாச்சிமுத்து மோல்டிங்கில், அதாவது இரும்பை ஊற்றுகிற மணல் அச்சு செய்கிற இடத்தில். சென்னியப்பன் கோர் ஷாப்பில். பம்புக்குள்ளே தண்ணீர் ஓடுகிற பள்ளம் எங்கே வர வேண்டுமோ அங்கே வைக்கிற மணல் உருவத்துக்குக் கோர் என்று பெயர். அதை அடுப்பில் சுட்டெடுப்பது அவர் வேலை.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் உண்டு. எந்த மணல், எத்தனை சூடு, எவ்வளவு நேரம் என்று அதில் எழுதியிருக்கும். முறை மாறினால் தாளும் மாறும். ஆபீஸில் அதற்கு நாலாவது திருத்தம், ஐந்தாவது திருத்தம் என்று எண் போடுவார்கள். அந்த எண்ணெல்லாம் உள்ளே யாருக்கும் நிற்காது. தாள் வந்த சமயத்தில் என்ன நடந்ததோ அதுதான் தாளின் பெயர். குப்புராஜ் வீட்டு மாடு செத்த வாரம் கிரேனுக்கு வந்தது மாடு செத்த தாள். முதலாளி பிரியாணி போட்ட அன்று வந்தது பிரியாணித் தாள். நிலவரசிக்குக் காது குத்தி மறுநாள், வேட்டியில் மஞ்சள் கறையோடு வேலைக்கு வந்த நாச்சிமுத்து கையில் கிடைத்த மோல்டிங் தாளுக்குக் காதுகுத்துத் தாள் என்று பெயர். "அது காதுகுத்துத் தாள்ல இருக்கற மாதிரி பண்ணுடா" என்றால் போதும், எல்லோருக்கும் விளங்கும்.

வினையும் அங்கேதான் வந்தது. போன வருடம் வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய ஆடிட்டர் அம்மா ஒருவர் வந்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். எட்டாவது திருத்தம், புத்தம் புதுசு. தலையசைத்துவிட்டு, மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொண்டு நாச்சிமுத்துவிடம் இந்த வேலையை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காதுகுத்துத் தாளை ஒரு வரி விடாமல் ஒப்பித்தார். நாலாவது திருத்தம். ஆடிட்டர் அம்மா சிரித்த முகத்தோடு எழுதிவைத்துவிட்டுப் போனார்: வேலை நடக்கிற இடத்தில் காலாவதியான ஆவணம் இருக்கக் கூடாது. சுவரில் இல்லை, தொழிலாளியின் தலையில் இருக்கிறது. அகற்றாவிட்டால் ஆர்டர் இல்லை.

தர மேலாளர் வித்யாவதி இதற்கு ஒரு மென்பொருள் தேட ஆரம்பித்தார். மூன்று கிடைத்தன. முதலாவதின் விலைக்குப் பவுண்டரியையே இன்னொரு முறை கட்டிவிடலாம் என்று முதலாளி கந்தவேல் அதை மேசையிலிருந்து நகர்த்தி வைத்தார். இரண்டாவது சாதாரணமானது. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு டேப்லெட். புதுத் தாள் அதில் வரும். தொழிலாளி முழுதும் படித்து, கேள்விக்குப் பதில் தட்டினால்தான் மெஷின் ஓடும். மூன்றாவதுதான் அதிசயம். ஹெல்மெட்டின் உள்பக்கம் ஒரு மெல்லிய பட்டை. பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் புதுத் தாள் மூளைக்குள் இறங்கிவிடும், பழையது வெளியே வந்துவிடும். படிக்கவே வேண்டாம்.

எதை வாங்குவது என்று முடிவு செய்யும் குழுவில் தொழிலாளர்கள் சார்பில் ஒருவர் வேண்டும். வித்யாவதி நேராகக் கோர் ஷாப்புக்கு வந்து, உங்களை விட்டால் வேறு யார் என்று சென்னியப்பன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். வயதுக்கு மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார். ஹெல்மெட்டை முதலில் நாற்பத்தைந்து நாள் சோதனைக்கு மாட்டிப் பார்ப்பது என்று முடிவானது. அதைக் கொண்டுவந்த பெங்களூர்க் கம்பெனியின் பையன் ரித்விக், நல்ல சிரித்த முகம். கேண்டீனில் எல்லோருக்கும் தன் செலவில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான்.

சென்னியப்பன் அந்த ஹெல்மெட்டைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அவர் எழுத்துப் படித்ததே ஐம்பதைத் தாண்டிய பிறகுதான், சங்கக் கட்டடத்தில் நடந்த மாலை வகுப்பில். எட்டு மணி நேரம் அடுப்புச் சூட்டில் நின்றுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊரும். எழுத்துக் கூட்டினால் வரும். ஆனால் ஒரு முழுத் தாளை நிற்காமல் படித்ததாக அவருக்கு நினைவில்லை. இப்போது பத்து நிமிடத்தில் ஏழாவது திருத்தம், பிறந்ததிலிருந்தே தெரிந்ததுபோல் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒரு கோர்கூட உடையவில்லை.

சம்பள நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் பத்திரிகையை நாச்சிமுத்துவுக்கு வைக்க வெற்றிலைபாக்குத் தட்டோடு போனார். நாச்சிமுத்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாப்பிள்ளை என்ன வேலை, எந்த ஊர் என்று அக்கறையாக விசாரித்தார். கட்டாயம் வருகிறேன், மொய்யும் வைத்துவிடுகிறேன் என்றார். அப்புறம் பத்திரிகையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் சென்னி, தெய்வாத்தாளுக்குத்தான் அண்ணன் தம்பி கெடையாதே. புள்ளைக்கு மாமன் சீரு யாரு செய்யறாங்க?"

விளையாட்டு என்று நினைத்து சென்னியப்பன் சிரித்தார். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கேட்பதுபோல் பதிலுக்குக் காத்திருந்தார். ஏதோ உளறிவிட்டுத் தெருவுக்கு வந்த சென்னியப்பனுக்குச் செருப்பை மாட்டிக்கொள்ள வெகுநேரம் பிடித்தது. கடன் மறந்ததில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. மடியை மறக்கலாமா? வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மாமா என்ன சொன்னார் என்று நிலவரசி கேட்டதற்கு, சந்தோஷப்பட்டார் என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை குப்புராஜ் வீட்டுக் கதை கேண்டீனுக்கு வந்தது. கிரேன் குப்புராஜ் ஒரு கட்டுப் பசும்புல் வாங்கிக்கொண்டு போய், தொழுவத்தில் மாட்டைக் காணோம் என்று ஊரைக் கூட்டியிருக்கிறார். மாடு செத்துப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று என்று சம்சாரம் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. செத்த மாட்டுக்குப் புதிதாக ஒரு பாட்டம் அழுதிருக்கிறார். கேண்டீன் விழுந்து விழுந்து சிரித்தது. சென்னியப்பன் கையில் டீ ஆறிப்போனது. மாடு செத்த தாள். காதுகுத்துத் தாள்.

ரித்விக்கை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டார். அவன் மறைக்கவில்லை. அவனுக்கே அது புதிய விஷயம்.

"பழைய தாளை வெளிய எடுக்கணும்னா தலைக்குள்ள அதோட பேரை வெச்சுத்தான் தேடும் சார். மத்த கம்பெனியில எல்லாம் பேருன்னா வெறும் நம்பர்தான். நம்பரோட ஒண்ணும் ஒட்டியிருக்காது. நீங்க வீட்டு விசேஷத்தையெல்லாம் பேரா வெச்சிருக்கீங்க. தாளை இழுத்தா அதுவும் சேர்ந்து வந்துடுது."

"வந்தது இப்ப எங்கீங்க தம்பி இருக்குது?"

எல்லாம் தன் பெட்டியில் பத்திரமாக இருப்பதாக ரித்விக் சொன்னான். சோதனை முடிந்து வேண்டாம் என்றால், ஒப்பந்தப்படி அவரவர் தலைக்கே திருப்பித் தந்துவிட வேண்டும். வாங்கினால் கையெழுத்துப் போட்ட நிமிடம் அழிந்துவிடும். காலாவதியான ஆவணத்தை வைத்திருக்கக் கூடாது என்பதுதானே விதி.

சென்னியப்பன் கொஞ்சம் தயங்கி, தன் தலையிலிருந்து என்ன எடுத்தார்கள் என்று கேட்டார். ரித்விக் கைக்கணினியைத் தட்டிப் பார்த்தான். கோர் அடுப்பு, ஆறாவது திருத்தம். அதற்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டதற்கு, பெயரெல்லாம் தன்னிடம் இல்லை என்றான். சென்னியப்பனும் தலைக்குள் துழாவிப் பார்த்தார். ஆறாவது தாளுக்கு என்ன பெயர் வைத்தோம்? பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல் இருந்தது. இதில் பல் இருந்ததா என்பதே தெரியவில்லை.

முடிவு செய்யும் நாளுக்கு இன்னும் ஒரு வாரம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதே யோசனை. ஹெல்மெட்டுக்குச் சரி என்றால் கடன் ஒழிந்தது, படிக்கிற தொல்லையும் ஒழிந்தது. மாமனும் ஒழிந்தான். வேண்டாம் என்றால் நாச்சிமுத்துவுக்கு எல்லாம் திரும்பி வரும், பதினெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பதும் சேர்ந்து வரும். அதோடு ஒவ்வொரு தாளையும் டேப்லெட்டில் தானே படித்தாக வேண்டும். ஐம்பத்தைந்து வயதில், அத்தனை பேர் நடுவில் எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே கூசியது. நாலாம் நாள் சீட்டுக் கம்பெனியில் இறங்கி, தள்ளுபடி போகக் கிடைத்த பணத்தை ஒரு கவரில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் ரித்விக் படம் போட்டுக் காட்டினான். நாற்பத்தைந்து நாளில் தவறான வார்ப்பு பாதியாகக் குறைந்திருந்தது. முதலாளிக்கு முகமெல்லாம் பல். பிறகு சென்னியப்பன் முறை வந்தது. மாடு கதையைச் சொன்னார், முதலாளி சிரித்தார். காதுகுத்துக் கதையைச் சொன்னார், கடனைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. முதலாளி சிரிப்பதை நிறுத்தினார்.

"நாச்சி நல்லாத்தானுங்க இருக்கறான். அவனுக்கு ஒரு கொறையும் தெரியலீங்க. அதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது."

முதலாளி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முதல் நாள் விளக்கிக் காட்டியபோது அவரும் அந்த ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்திருந்தார். மெதுவாக ரித்விக் பக்கம் திரும்பினார்.

"தம்பி, என்ர தலையில இருந்து என்ன எடுத்தீங்க?"

கொள்முதல் விதிமுறை, மூன்றாவது திருத்தம் என்றான் ரித்விக். அது எப்போது வந்தது, அன்றைக்கு என்ன நடந்தது என்று முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. வித்யாவதி அமைதியாக ஒன்று சொன்னார். டேப்லெட் மென்பொருளில் திருத்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம் இருக்கிறது, அதில் இவர்கள் வைக்கிற பெயரையும் போட்டுவிடலாம், அப்போது எது பழையது எது புதியது என்று குழப்பமே வராது, ஆடிட்டரும் ஒன்றும் சொல்ல முடியாது.

எல்லாம் சரி, உள்ளே பாதிப் பேருக்குப் படிக்க வராதே, யார் படித்துச் சொல்வது என்று முதலாளி கேட்டார். இங்கே நழுவினால் முடிவு ஹெல்மெட் பக்கம் போய்விடும் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்தது.

"நான் வாசிச்சுக் காட்றனுங்க," என்றார். அவருக்கே அவர் குரல் வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"அப்பறம் என்ன பிரச்சினை?" என்று வித்யாவதி சிரித்தபடி கோப்பை மூடினார். இந்தம்மாவுக்கு எங்கிருந்து இத்தனை நம்பிக்கை என்று சென்னியப்பனுக்கு விளங்கவில்லை.

மறுநாள் மதியம் கேண்டீனில் வரிசையாக உட்காரவைத்து, இரண்டிரண்டு பேராகத் திருப்பிக் கொடுத்தான் ரித்விக். வியாபாரம் போன வருத்தத்திலும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். முதலாளிக்கு ஆபீஸ் அறையிலேயே நடந்தது. என்ன திரும்பி வந்ததென்று அவர் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போன் போட்டு வெகுநேரம் தணிந்த குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. குப்புராஜ் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அந்தப் புல்லுக்கு நூற்றிருபது ரூபாய் கொடுத்தேனே என்று அங்கலாய்த்தார்.

நாச்சிமுத்து கழற்றினார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஏண்டா, மாமன் சீரு யாரு செய்யறாங்கன்னு உங்கிட்டயே கேட்டனாடா நானு? நீயும் கேட்டுட்டுச் சும்மா போனயாடா? செருப்பக் கழட்டி ரெண்டு போட்டிருக்க வேண்டாமா?"

சென்னியப்பன் பையிலிருந்த கவரை எடுத்து நீட்டினார். எண்ணிப் பார், பதினெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பதும் இருக்கிறது என்றார். நாச்சிமுத்து கவரைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், திரும்பக் கவரைப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"டேய், இவன் தலையில இருந்தும் அந்தத் தாளப் புடுங்கிட்டாங்கடா," என்று கேண்டீனுக்கே சொன்னார். "மொதல்ல மாட்டுடா மண்டையில."

சென்னியப்பன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

இதே கேண்டீன். மூன்று வருடத்துக்கு முன்னால். கோர் அடுப்புக்குப் புதுத் தாள் வந்திருக்கிறது. படிக்கத்தான் அந்த மாலை வகுப்புக்குப் போகிறாயா, ஃபேன் காற்று வாங்கப் போகிறாயா என்று நாச்சிமுத்து சீண்டுகிறார். பந்தயம் என்கிறார். இந்தத் தாளை மேலிருந்து கீழே வரை ஒருத்தரையும் கேட்காமல் படித்துவிட்டால் கடன் தள்ளுபடி. சென்னியப்பன் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறார். முதல் வரி கல்லும் முள்ளுமாக வருகிறது, இரண்டாவது கொஞ்சம் தேவலை. பாதித் தாளில் 'வெப்பநிலைக் கட்டுப்பாடு' என்று ஒரு நீளச் சொல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மூச்சு வாங்குகிறார். யாரும் டீயை உறிஞ்சவில்லை. வாசலில் வித்யாவதி வந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் சொல்லைத் தாண்டிவிட்டார். கடைசி வரியில் வைத்த புள்ளி வரைக்கும் வந்துவிட்டார். கேண்டீன் மொத்தமும் தட்டைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போடுகிறது. நாச்சிமுத்து அவரை இடுப்போடு கட்டித் தூக்கி இறக்குகிறார்.

"காது ஆறிடுச்சுடா சென்னி. இனிமே கேக்க மாட்டேன்."

அந்தத் தாளுக்குப் பந்தயத் தாள் என்று பெயர்.

கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. இத்தனை பெரிய நாளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், தனக்கு ஒரு குறையும் தெரியாமல் கோர் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது முதுகு சிலிர்த்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. தீர்ந்துபோன கடனுக்காகச் சீட்டைத் தள்ளுபடிக்கு எடுத்த ஆள் இந்த ஜில்லாவில் தான் ஒருவராகத்தான் இருக்கும்.

வித்யாவதி டேப்லெட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். கோர் அடுப்பு, எட்டாவது திருத்தம். உள்ளூர்ப் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெஞ்சு மேல் ஏறினார். இந்த முறை முதல் வரி தடங்கலில்லாமல் வந்தது.

நாச்சிமுத்து மேசை மேலிருந்த கவரை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே திணித்தார்.

"இந்தப் பணத்துக்குப் புள்ளைக்கு ஒரு ஜோடி ஜிமிக்கி எடு," என்றார். "காதுதான் ஆறிடுச்சே."